ஊவாத் தோட்டங்களும் உலகளாவிய நிருவாகச் சட்டமும்

முறையிட விரும்புவோர் இழுத்தடிப்பதற்காக எல்லாள மன்னன் தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி வைத்திருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. கன்றை இழந்த பசு அம்மணியை அடித்த கதையும் அங்கு உண்டு. அதே கதையை மனுநீதிகண்ட சோழன்மேல் ஏற்றித் தமிழ் மரபும் போற்றி வந்துள்ளது. இந்நாட்டின் இரு மரபுகளும் ஒருசேரப் போற்றும் இக்கதையிலே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. நல்ல மன்னனுக்குக்கூட மணி வேண்டியிருந்தது என்பதே அது. அதிகாரம் எங்கு உளதோ அங்கு அதனைக் கேள்விக்கு உட்படுத்தும் வழியும் இருத்தல் வேண்டும். அவ்வழி மிக எளியோர் கைக்கும் எட்டுவதாய் அமைதல் வேண்டும். இன்று நிருவாகச் சட்டம் என வழங்கும் துறையின் கரு இதுவே எனலாம்.

அத்துறையின் கோட்பாடுகள் சிலவே. ஒருவருக்குத் தீங்கு விளைவிக்கும் முடிவை எடுக்குமுன் அவர் கூற்றைக் கேட்டல் வேண்டும். முடிவெடுப்பவர் நடுநிலையாளராய் இருத்தல் வேண்டும். வழங்கப்பட்ட அதிகாரத்தின் எல்லையைத் தாண்டலாகாது. முடிவுக்குக் காரணம் கூறல் வேண்டும். இவற்றில் தவறின் மேலொரு மன்றம் அதனை மீளாய்வு செய்தல் வேண்டும். இலங்கையில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரை, உறுதிகேள், தடையீடு, ஆணையீடு முதலிய எழுத்தாணைகளை வழங்கும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது. அரச அலுவலர் ஒருவர் தம் எல்லையைக் கடப்பின் குடிமகன் இழுக்கக்கூடிய மணிக்கயிறு அதுவே.

ஆனால் நாட்டின் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் விதிகளால் ஒருவன் வாழ்வு ஆளப்படின் அவன் எக்கயிற்றை இழுப்பது? இவ்வினாவைச் சட்ட அறிஞர் உலகம் அண்மைக் காலத்திலேயே ஒழுங்குபட ஆராயத் தொடங்கியது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெனடிக்ற் கிங்ஸ்பெரி, ரிச்சர்ட் ஸ்ரூவர்ட் ஆகியோரும் நிக்கோ கிரிஷும் இணைந்து 2005ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்று, பன்னாட்டு நிறுவனங்களும் தனியார் தர நிர்ணய அமைப்புகளும் இயற்றி நடைமுறைப்படுத்தும் விதிகள் ஒருவகை நிருவாகமே என்றும், அந்நிருவாகத்தைக் கட்டுப்படுத்தும் 'உலகளாவிய நிருவாகச் சட்டம்' ஒன்று உருவாகி வருகின்றது என்றும் வாதிட்டது. அரசின்றிச் சட்டம் ஏது என்று மறுத்தோரும் உளர். இவ்விவாதத்தின் இரு பக்கத்தையும் எடைபோட ஜெனீவாவையோ நியூயோர்க்கையோவிடப் பதுளை மாவட்டத்துத் தேயிலை மலையே பொருத்தமான இடமாகும். ஏனெனில் உலகின் விதிகள் இறுதியில் வந்திறங்கும் இடங்களுள் அதுவும் ஒன்று.

நமுனுகலையின் சாரலிலும், பசறை, மடூல்சீமை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிலும் படர்ந்திருக்கும் தேயிலைத் தோட்டங்கள் தொடக்கத்திலிருந்தே அயல்நாட்டுச் சந்தைக்காக வாழ்பவை. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னையைத் தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டளவில் வாங்கினார். 1924ஆம் ஆண்டு புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலை பெறும் தனி மணம் உலகச் சந்தையில் விலை போகின்றது. அவ்வுலகச் சந்தை பணத்தை மட்டும் அனுப்புவதில்லை, விதிகளையும் அனுப்புகின்றது.

யப்பான் 2006ஆம் ஆண்டு மே மாதம் முதல், தனியாக எல்லை வகுக்கப்படாத பீடைகொல்லிகளுக்கு ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்னும் பொது எச்ச எல்லையை நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2008 முதல் அதே அளவைக் கைக்கொண்டது. இலங்கையில் 2015ஆம் ஆண்டு கிளைபோசேட் களைகொல்லி தடைசெய்யப்பட்டு, 2018ஆம் ஆண்டு தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை நீக்கப்பட்டது. இடைக்காலத்திலே தோட்டங்கள் நாடிய மாற்றுக் களைகொல்லி ஒன்றின் எச்சம் யப்பானிய எல்லையை மீறுவதாக ஏற்றுமதியாளர் கவலை தெரிவித்தனர். டோக்கியோவில் அச்சிடப்பட்ட ஓர் எண், ஊவாவின் மலையொன்றில் மருந்தடிப்பவர் முதுகில் எந்தத் திரவம் ஏறவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. இதற்கு மேலாக, ரெயின்ஃபொரஸ்ற் அலயன்ஸ் போன்ற தனியார் அமைப்புகளின் சான்றிதழ்கள் உள்ளன. அவ்வமைப்பு 2020ஆம் ஆண்டு வெளியிட்டு 2021ஆம் ஆண்டு யூலை முதல் நடைமுறைப்படுத்திய தரநெறி, மரநிழல், நீர்நிலைப் பாதுகாப்பு என்பவற்றோடு சம்பளம், குடியிருப்பு, பாதுகாப்பு உடை, முறைப்பாட்டு ஏற்பாடு ஆகியவற்றையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவருகின்றது.

இவை வெறும் வணிக நிபந்தனைகள்தாமே, விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிடின் விடலாமே என்று வாதிடலாம். தோட்டக் கம்பனி ஒன்றைப் பொறுத்தவரை அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. கம்பனி கையொப்பமிடுகின்றது, கட்டணம் செலுத்துகின்றது, விலகவும் கூடும். கொழுந்து பறிப்பவள் எதிலும் கையொப்பமிட்டவளல்லள். ஆயினும் அவ்விதி அவள் உடையையும் வேலையையும் லயன் வாசலையும் தொடுகின்றது. ஒருவர் சம்மதத்தைக் கேளாது அவர் நடத்தையை ஒழுங்குசெய்யும் விதியை ஒப்பந்தம் என்பது பொருந்தாது. அது ஆட்சியே ஆகும்.

இங்கு ஒரு முரண்பாடு கருதற்பாலது. 2006ஆம் ஆண்டு சிங்கராசா வழக்கிலே இலங்கை உயர் நீதிமன்றம், குடியியல், அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேசப் பொருத்தனையின் விருப்பத்தேர்வு உடன்படிக்கையில் நாடு இணைந்தமை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. நாடாளுமன்றம் சட்டமாக்காத உடன்படிக்கை உள்நாட்டில் உரிமை எதனையும் தோற்றுவிக்காது என்பது அத்தீர்ப்பின் சாரம். அரசு முறைப்படி இணைந்த ஓர் உடன்படிக்கை நீதிமன்ற வாயிலில் நின்றுவிட, எந்த நாடாளுமன்றத்தையும் காணாத ஒரு சான்றிதழ் விதி நேரே பிரட்டுக்களம் வரை வந்து சேர்கின்றது. சட்டமென்று பெயர் பெற்றது உள்ளே வர இயலவில்லை. சட்டமென்று பெயர் பெறாதது தடையின்றி வந்து ஆள்கின்றது.

இந்நிலை புதிதன்று என்பதை மலையக வரலாறு காட்டும். உலகப் பொருளாதார மந்த காலத்திலே தேயிலை விலை வீழ்ந்தபோது, இந்தியா, இலங்கை, ஒல்லாந்தர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர் சங்கங்கள் 1933ஆம் ஆண்டு சர்வதேசத் தேயிலை உடன்படிக்கையைச் செய்துகொண்டன. முதலாண்டில் ஏற்றுமதி, வரையறுத்த அடிப்படை அளவின் 85 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தப்பட்டது. புதிய நடுகையும் கட்டுப்படுத்தப்பட்டது. இலண்டனில் அமைந்த சர்வதேசத் தேயிலைக் குழு இதனை மேற்பார்வை செய்ய, அரசுகள் உள்நாட்டுச் சட்டங்கள் மூலம் அதற்கு வலுவூட்டின. தனியார் சங்கங்கள் தமக்குள் செய்த ஏற்பாடு நாடுகளின் சட்டமாக உருமாறிய வரலாறு இது. கொழுந்து குறைந்தால் வேலை நாளும் குறையும் என்பது தோட்டத்துச் சிறுபிள்ளையும் அறிந்த கணக்கு. ஆனால் அக்கணக்கைக் கேட்பதற்கு இலண்டன் குழுவில் ஊவாத் தொழிலாளிக்கு ஆசனம் இருக்கவில்லை.

இன்னும் கொடிய எடுத்துக்காட்டு 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் வாழ்ந்த ஏறத்தாழ 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு பிரதமர்களும் உடன்பட்டனர். 1974ஆம் ஆண்டு அவ்வெச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. பதுளையிலிருந்து புகையிரதமேறியோர் பலருக்குத் தாம் எண்ணிக்கையில் ஒருவர் என்பதற்கு மேலான காரணம் எதுவும் கூறப்படவில்லை. அரசுகளுக்கிடையே அது முறையான சர்வதேச ஒப்பந்தம். பங்கிடப்பட்டோரிடமோ எவரும் கேட்கவில்லை.

இவ்வரலாற்றுக்கு எதிராக, உலக விதிகளுள்ளும் மணி ஒலித்த சந்தர்ப்பங்கள் உண்டு என்பதை மறுத்தல் நேர்மையாகாது. கடலாமைகளைக் காக்கும் பொருட்டு இறால் இறக்குமதிக்கு அமெரிக்கா விதித்த சான்றிதழ் முறையை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் தொடுத்த வழக்கில், உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு அமைப்பு 1998ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. விண்ணப்பித்த நாட்டின் கூற்றைக் கேட்கும் முறையான வாய்ப்பு இல்லை, மறுப்புக்கு எழுத்திலான காரணம் இல்லை, மீளாய்வு இல்லை என்று அது குறை கண்டது. இவை மூன்றும் நிருவாகச் சட்டத்தின் பாலபாடமாகும். பீடைகொல்லி எல்லைகளைப் பொறுத்தவரையிலும், 1995 முதல் நடைமுறையிலுள்ள சுகாதார, தாவர நலப் பாதுகாப்பு உடன்படிக்கை, புதிய விதியை முன்கூட்டியே அறிவித்து ஏனைய நாடுகளின் கருத்தைப் பெறவேண்டும் என்கின்றது. எனவே உலகளாவிய நிருவாகச் சட்டம் வெறுங்கற்பனை அன்று. அதன் சில கயிறுகள் உண்மையானவை. அவற்றை இழுக்கும் கைகள் அரசுகளின் கைகளாகவும், அரசுகளின் செவியை எட்டவல்ல கம்பனிகளின் கைகளாகவும் உள்ளன என்பதே குறை.

இக்குறை எத்தகையதென்பதைச் சான்றிதழ்ப் பரிசோதனை நாளொன்றைக் கற்பனை செய்வதன் மூலம் உணரலாம். பரிசோதகர் வருகின்றார். கிளாக்கர் பதிவேடுகளை விரித்து வைக்கின்றார். மலைக்குச் சென்று பெண்ணொருத்தியிடம் பரிசோதகர் பணிவாகவே வினவுகின்றார்: "ஏதாவது குறை இருக்கிறதா, அம்மா?" அவள் பரிசோதகரையும், சற்றுத் தள்ளி நிற்கும் கணக்கப்பிள்ளையையும் மாறிமாறிப் பார்க்கின்றாள். "ஒரு குறையும் இல்லீங்க ஐயா." ஏட்டிலே அது தொழிலாளியின் கருத்துக் கேட்கப்பட்டமைக்குச் சான்றாகப் பதிவாகும். பரிசோதனை நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துவது சான்றிதழ் பெறுவோரே. சான்றிதழ் மறுக்கப்படின் மேன்முறையீடு செய்யத் தோட்டத்துக்கு வழியுண்டு. சான்றிதழ் தகாதவாறு வழங்கப்பட்டதென அப்பெண் கருதின், அவள் முறைப்பாடு செய்யலாம் என விதி கூறக்கூடும். அம்முறைப்பாட்டைத் தீர்ப்பவர் யார், தீர்ப்பு அவளுக்கு எம்மொழியில் வரும், அது பிழையெனின் எங்கே செல்வது என்ற வினாக்களுக்கோ அவளிடம் விடை இராது. மறுக்கப்பட்டவர்க்கு வழி திறந்திருக்க, பாதிக்கப்பட்டவர்க்கு வழி மங்கிக் கிடக்கின்றது.

இதனை உள்நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிடல் தகும். 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அமைந்த சபை, தொழிலாளர், முதலாளிமார், அரசு நியமித்தோர் ஆகிய முத்தரப்பினரைக் கொண்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக நிர்ணயித்து 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் வர்த்தமானி அறிவித்தல் வெளியானபோது, பெருந்தோட்டக் கம்பனிகள் அதனை இரத்துச் செய்யுமாறு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரின. அம்முயற்சியைத் தொழிலாளர் கசப்புடன் நோக்கியிருக்கலாம். எனினும் அங்கே முடிவெடுத்தவர் யாரென்று தெரியும். முடிவு அச்சிலே உளது. அதன் சட்டபூர்வத்தன்மையை வாதிட ஒரு மன்றம் உளது. அம்மன்றத்தின் கதவு தொழிற்சங்கத்துக்கும் திறக்கக்கூடியது. சம்பளம் போதுமானதா என்பது வேறு வினா. அவ்வினாவைக் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கின்றது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவ்வாறாயின் உலக விதிகளைச் சட்டமல்ல என்று ஒதுக்கிவிடலாமா? தாயின் கொழுந்துக் கூடையால் பல்கலைக்கழகம் புகுந்த மலையக மாணவர் ஒருவர் நிருவாகச் சட்ட நூலைத் திறப்பின், ஆரம்ப அத்தியாயங்களிலேயே இலங்கையிலிருந்து சென்ற நக்குடா அலி வழக்கைக் காண்பார். புடைவை வணிகர் ஒருவரின் உரிமப் பத்திரத்தைப் புடைவைக் கட்டுப்பாட்டாளர் இரத்துச் செய்தார். உரிமத்தை இரத்துச் செய்கையில் கட்டுப்பாட்டாளர் நீதிமுறையாகச் செயற்படக் கடமைப்பட்டவர் அல்லர். ஆதலின் உறுதிகேள் எழுத்தாணை அங்குச் செல்லாது என்று இலண்டன் கோமறைக் கழகம் 1950ஆம் ஆண்டு தீர்த்தது. ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் செயல் அன்று வெறும் நிருவாகம் எனக் கொள்ளப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1963இல், பிரித்தானியப் பிரபுக்கள் சபை ரிஜ் எதிர் போல்ட்வின் வழக்கில் அந்நோக்கைக் கண்டித்து, இயற்கை நீதியின் எல்லையை விரித்தது. இன்று முதிர்ந்த சட்டமாகத் தோன்றும் நிருவாகச் சட்டமும் ஒரு காலத்தில் இத்தகைய இடைவெளிகளுடனேயே நின்றது. ஆகவே உலக விதிகளின் இன்றைய குறையைக் கண்டு, அவை என்றும் சட்டமாகா எனத் தீர்ப்பது அவசரமாகும்.

மறுபுறம், நடைமுறை அமைந்தவுடன் நீதி அமைந்துவிட்டதென மகிழ்வதும் பேதைமையே. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்திலே விண்ணப்பம் இருந்தது, விசாரணை இருந்தது, உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடும் இருந்தது. அதன்கீழ் விண்ணப்பித்த ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருள் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. பிறப்புச் சான்றும் வதிவுச் சான்றும் கேட்கப்பட்டபோது லயன் அறையிலே அவை இருக்கவில்லை. மணி தொங்கிற்று, கயிறு எட்டவில்லை. இந்தியச் சட்ட அறிஞர் பி. எஸ். சிம்னி, உலகளாவிய நிருவாகச் சட்டத்துக்கு எதிர்ப்பின் முகமும் உண்டு, வலியோருக்குத் துணைபோகும் முகமும் உண்டு என 2005ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். கேட்டல், காரணம் கூறல் எனும் சடங்குகள் நியாயமற்ற ஒழுங்குக்கு நியாயத்தின் சாயலைப் பூசிவிடலாம் என்னும் அவ்வச்சத்தை ஊவாவின் அனுபவம் உறுதிப்படுத்துகின்றது.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின் ஓர் அளவுகோல் புலப்படும். விதி எங்கே பிறந்தது என்பதும், எவ்வளவு வன்மையாகக் கீழ்ப்படியச் செய்கின்றது என்பதும் அதனை நிருவாகச் சட்டமாக்கா. அவ்விதியால் ஆளப்படுவோருள் கடைசி மனிதர் அதனிடம் 'ஏன்?' என்று வினவித் தமக்கு விளங்கும் மொழியில் விடைபெற முடியுமா, விடை தவறெனின் வேறொருவரிடம் செல்ல முடியுமா, வினவியமைக்காகத் தண்டனை பெறாது மறுநாள் பிரட்டுக்கு நிற்க முடியுமா என்பனவே உரைகற்கள். இவ்வுரைகல்லில் உரைக்கின், ஊவாத் தோட்டங்களில் இயங்கும் உலக விதிகள் அரசுக்கும் கம்பனிக்கும் பெருமளவு சட்டம்; தொழிலாளிக்கு இன்னும் நிருவாகம் மட்டுமே.

அந்நிலையை மாற்றும் வழிகள் முற்றாக இல்லாமலில்லை. சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் யாப்பு, 24ஆம் உறுப்புரையின்கீழ், ஏற்றுறுதி செய்த சமவாயத்தை ஓர் அரசு மீறின் தொழிற்சங்கமொன்று நேரடியாக முறையிட இடமளிக்கின்றது. 1958ஆம் ஆண்டுப் பெருந்தோட்டச் சமவாயத்தை இலங்கை 1995ஆம் ஆண்டு ஏற்றுறுதி செய்தது. 2023ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் வழங்கற்சங்கிலிச் சட்டம், பெரிய கம்பனிகள் முறைப்பாட்டு ஏற்பாடு வைத்திருக்கவேண்டும் என விதித்ததோடு, பாதிக்கப்பட்டோர் அந்நாட்டு அதிகார சபையை அணுகவும் வழிவகுத்தது. பின்னர் அச்சட்டத்தைத் தளர்த்தும் முயற்சிகள் எழுந்தமையே, அத்தகைய கயிறு எவ்வளவு கனமானதென்பதைக் காட்டும். இவ்வழிகள் தோட்டத்தை எட்டுவதற்கு, தரநெறிகள் தமிழில் லயன் தோறும் கிடைத்தல் வேண்டும்; பரிசோதனை அறிக்கையின் முடிவும் காரணமும் தொழிலாளருக்கு வாசித்துக் காட்டப்படல் வேண்டும்; கட்டணம் செலுத்துவோரைச் சாராத ஒருவரிடம் மேன்முறையீடு செல்லல் வேண்டும்.

அவ்வேலையில் மலையகத்திலிருந்து சட்டம் பயிலும் தலைமுறைக்குத் தனிப்பங்கு உண்டு. ஜெனீவாவின் ஆங்கில வாசகத்தையும் பசறைத் தோட்டத்துப் பேச்சையும் ஒருங்கே அறிந்தவர் அவர்களே. ஒரு தரநெறியின் உறுப்புரையை எடுத்து, அது கொழுந்து மடுவத்தில் நிற்கும் பெண்ணுக்கு எதைத் தருகின்றது, எதை மறுக்கின்றது என்பதைத் தமிழில் எழுதி அவள் கையில் சேர்த்தல் சிறு பணியாகத் தோன்றலாம். அவள் அதனை வாசித்து அல்லது பிறர் வாசிக்கக் கேட்டு, அடுத்த முறை பரிசோதகர் வரும்போது கணக்கப்பிள்ளையைத் திரும்பிப் பாராது தன் குறையைச் சொல்வாளாயின், அன்று அம்மலையிலே உலக விதி சட்டமாகத் தொடங்கியிருக்கும்.